கேரம் போர்டுக்கு நாலு பக்கம்

கடை திறக்கும் முன்பே நீ விலைபோய்விட்டாய். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் தபாலில்தான் எழுதினேன். பதில் வந்தது. நான் கேட்டதைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது: போர்டு என்ன அளவு, பல்பை எவ்வளவு தாழ்த்திக் கட்ட வேண்டும், வாசலில் என்ன பெயர் எழுதுவது. மறுபடி எழுதினேன், அதற்குப் பதிலே இல்லை. மெட்ராஸில் உன் அறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து வாரம் தவறாமல் இந்தப் பத்திரிகையை வாங்குகிறீர்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் இதில் எழுதுகிறேன். உன் பேரும் போடவில்லை, என் பேரும் போடவில்லை, மற்றவர்கள் பேரை மாற்றியிருக்கிறேன். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற ஒரு பொம்பளை, புருஷன் இல்லாதவள், ஒரே மகன் பட்டணத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான். படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும். நீ முதல் வரியிலேயே இது யார் என்று கண்டுபிடித்திருப்பாய்.

பொங்கலுக்கு வந்தபோது நீ உன் அப்பாவின் தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டே உன் திட்டத்தைச் சொன்னாய். "இந்தத் தறி சும்மாதானே கெடக்குது? பிரிச்சுட்டுக் குழிய மூடிட்டா கூடம் எவ்ளோ பெருசாயிடும் பாரும்மா. நாலு கேரம் போர்டு போடலாம். மணிக்கு இவ்ளோன்னு வாங்கலாம். மாசத்துக்கு ஒரு போட்டி, ஜெயிச்சவனுக்குக் கப்பு. வாலாஜாபாத்ல இருந்தெல்லாம் ரயில் ஏறி வருவானுங்க." அப்புறம் அந்த மெஷினைப் பற்றிச் சொன்னாய். கண்காட்சியில் பார்த்தாயாம். காசு போட்டால் விளக்கு எரிகிறது, இரும்புக் குண்டு உள்ளே ஓடி ஓடி முட்டுகிறது, முட்ட முட்ட நம்பர் ஏறுகிறது, ஜனம் வரிசையில் நிற்கிறது. "மொதல்ல கேரம்மா. அது ஓடிச்சுன்னா அடுத்த வருசமே அந்த மெஷினை நம்ம ஊருக்குக் கொண்டாந்துடுவேன்." நீ பேசிக்கொண்டே போனாய். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போர்டைக் கணக்குப் போட்டாய், நான் உலையில் இரண்டு பேருக்கு அரிசி போடுவதைக் கணக்குப் போட்டேன்.

நீ பட்டணம் போன பிறகு நான் கோர்வைச் சேலை நெய்வதில்லை என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நடுவில் உட்கார்ந்து ஒருவர் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கரை இழை ஓட்டும் நாடாவைத் தள்ள வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நீதான் தள்ளுவாய். பாதியில் தூங்கி விழுவாய், உன் அப்பா காலால் உன் முழங்காலை இடிப்பார். இப்போது அந்தப் பக்கத்துப் பலகையில் என் தண்ணீர்ச் செம்பு இருக்கிறது. ஒரே ஆளாக நெய்யக்கூடிய சேலையை மட்டும் கேட்டு வாங்குகிறேன், கூலி குறைவு. வேறு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைக்கவில்லை. காரணம் கூலி இல்லை.

"நீதான் ஊர்ல இருக்கற ஆளு. நல்லாப் பாத்துச் சொல்லும்மா, ஓடுமா ஓடாதான்னு" என்று நீ பஸ் ஏறும்போது சொன்னாய். நீ பேச்சுக்குச் சொன்னாய் என்று இப்போது புரிகிறது. நான் வேலையாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலில் வாடகை சைக்கிள் கடை ரஷீத் பாயிடம் போனேன். ஊர்ப் பையன்கள் கையில் எப்போது காசு இருக்கும், எப்போது நேரம் இருக்கும் என்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? மணிக்கணக்கில் அதைத்தானே விற்கிறார். கடைக்குப் பின்னால் அவரிடம் ஒரு கேரம் போர்டும் இருக்கிறது.

"பாய், எங்க பையன் கேரம் கிளப்பு வெக்கப் போறானாம். இன்னா நெனைக்கிறீங்க?"

"உம் பையன் மேல உனக்கு இன்னாம்மா அவ்ளோ கோவம்?" என்றார். சிரித்துவிட்டு, பங்ச்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார். "பாவு இருக்கற மாசம் ஒருத்தன் இந்தப் பக்கம் தலை காட்ட மாட்டான். தறியிலயே கெடப்பான். பாவு இல்லாத மாசம் கும்பலா வந்து கடை வாசல்ல நிப்பான். நேரம் இருக்கும், பைசா இருக்காது. 'சும்மா ஒரு ரவுண்டு குடு பாய்'னு கெஞ்சுவான். உம் பையன் 'சும்மா ஒரு ஆட்டம்'னு எவ்ளோ பேருக்குக் குடுப்பான்?"

இதை நீ யோசித்தாயா? முதலாளி பட்டு இழையைப் பாவாகக் கொடுத்தால்தான் நமக்கு வேலை. கல்யாண மாதங்களில் பாவு வரும், கையில் காசு இருக்கும், குழியைவிட்டு எழுந்திருக்க முடியாது. ஆடியில் பாவு வராது, நாளெல்லாம் ஓய்வு, டீக்குக் கடன் சொல்வான். நம் தெருவில் ஓய்வும் காசும் ஒரே வீட்டில் ஒரே நாளில் இருந்ததில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து இருப்பது அமாவாசை ஒன்றில்தான். அன்றைக்கு நெசவாளி தறியைத் தொடமாட்டான். ஆக, உன் கூடம் மாதத்தில் ஒரு நாள் நிரம்பும். மற்ற நாளெல்லாம் நீ தனியாக உட்கார்ந்து உனக்கு நீயே காய் சுண்டிக்கொண்டிருப்பாய். தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று என்னைக் கேள்.

அப்புறம் பவுடர். போர்டில் காய் வழுக்க நீ போடும் அந்த வெள்ளைப் பவுடர் கூடம் முழுக்கப் பறக்கும். அதே கூடத்தில் என் தறி இருக்கிறது. சரிகையில் படிந்தால் மங்கிப்போகும், முதலாளி சேலையைத் திருப்பி என் முகத்தில் எறிவார். ஆட வருகிறவனும் நெசவாளிதான். விரலில் பவுடரோடு போய் அவனும் இழையைத் தொடக்கூடாது. மெஷினைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாயங்காலமானால் கரண்ட் போய்விடுகிற ஊரில் குண்டு எங்கே ஓடும், நம்பர் எங்கே ஏறும்? வாலாஜாபாத்காரன் கப்புக்காக வருவான் என்றே வைத்துக்கொள்வோம். திரும்பிப் போக வண்டி எப்போது என்று பார்த்துப் பார்த்து ஆடுகிறவன் எப்படி ஜெயிப்பான்?

இவ்வளவு தெரிந்தும் உனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. ஓடாது என்று எழுதிவிட்டால் நீ வரமாட்டாய். அதனால், வைத்துத்தான் பார்ப்போமே என்று தோன்றியது. தை போய் மாசி அமாவாசையன்று ரஷீத் பாய் தன் போர்டை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். என் தறியைப் பழைய வேட்டியால் மூடிவிட்டு, கூடத்தின் அந்தக் கோடியில் போர்டைப் போட்டோம். எதிர்வீட்டு சம்பந்தம் சித்தப்பா முதல் ஆளாக வந்தார். உன் அப்பாவின் பங்காளிதானே, உன் கிளப்பில் தனக்கு ஒரு நாற்காலி உண்டு என்று நினைத்துக்கொண்டார். அவருடைய மச்சானும் வந்தார். அவர்களோடு ரஷீத் பாய். நாலாவது பக்கத்துக்கு ஆள் வேண்டும்.

"நான் ஒருத்தனைக் கூட்டிக்கினு வந்திருக்கேன். உம் பையன் போட்டி வெச்சா கப்பு இவன் வீட்டுக்குத்தான் போவும்" என்றார் பாய். வாசலுக்கு வெளியே ஏழுமலை நின்றுகொண்டிருந்தான். உன் வயதுதான் இருக்கும். செவிலிமேட்டுப் பக்கம் காலனி, சாயப்பட்டறையில் வேலை. மணிக்கட்டு வரைக்கும் இரண்டு கையும் அரக்குச் சிவப்பு. "உள்ள வாப்பா" என்றேன். நான் சொன்ன பிறகுதான் வாசற்படி தாண்டினான்.

உட்கார்ந்தான். சித்தப்பா அவன் கையைப் பார்த்தார். "கைய கழுவிக்கினு வாப்பா."

"கழுவிட்டுத்தான் வந்தேண்ணே. இது போவாது. எங்க வீட்ல பொண்ணுங்க பொறாமைப்படுது, தீவாளிக்கு மருதாணி செலவு எனக்கு மிச்சம்னு."

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. "காய அடிக்கற ஸ்டிரைக்கர்ல சாயம் ஒட்டிக்குமேன்னு பாத்தேன்."

ஏழுமலை உள்ளங்கையைப் போர்டில் இருந்த பவுடரில் அழுத்தித் தேய்த்தான். தூக்கிக் காட்டினான். போர்டு வெள்ளையாகவே இருந்தது. "ஒட்டலியேண்ணே."

சித்தப்பாவும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சித்தப்பா, பெரிய மனது பண்ணுகிறவர் குரலில் சொன்னார். "தப்பா நெனைக்காத. உனுக்குன்னு ஒரு ஸ்டிரைக்கர் கொண்டாந்துடு. அது உன்னோட. குழியில விழற காயி இருக்குது பாரு, அத நீ எடுக்க வேணாம், நாங்க எடுத்துக் குடுத்துக்கறோம். ஆட்டம் ஆட்டமாவே இருக்கட்டும், யாருக்கும் மனஸ்தாபம் வேணாம்."

ஏழுமலை தலையை ஆட்டினான். "சரிண்ணே. எதிர்ல ஒக்காந்தா என் மூச்சுக் காத்து உங்க மேல படுமே, அதுக்கு இன்னா பண்ணலாம்? நீங்களே சொல்லிடுங்க."

அவ்வளவுதான். சித்தப்பா எழுந்தார், மச்சானும் எழுந்தார். "பொம்பள இருக்கற வீடு, ஒண்ணும் சொல்ல முடியல" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார்கள். பாய் போர்டைக் கட்டக் கயிற்றைத் தேடினார். ஏழுமலை எழுந்து நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. எனக்கு என்ன தோன்றியது என்று சொல்கிறேன். என் வீட்டில் ஒருவனை நான் கூப்பிட்டு உட்கார வைத்தேன், என் வீட்டிலேயே அவனை இன்னொருவர் எழுப்புகிறார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தப்பா இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். "பாய், கயித்த கீழ போடுங்க. எப்பிடி ஆடறதுன்னு சொல்லுங்க."

என் முதல் காய் போர்டைத் தாண்டிப் போய்க் கூடத்து மூலையில் விழுந்தது. "அம்மா, தறியில இழுக்கற மாதிரி இழுக்காத. சுண்டு, சும்மா சுண்டு" என்றான் ஏழுமலை. இழை முடிந்து முடிந்து காய்த்துப்போன விரல் என்னுடையது. கொஞ்ச நேரத்தில் அதற்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு காய் விழுந்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்டதாகத்தான் அப்புறம் சொன்னார்கள். நீ போன பிறகு அந்தக் கூடத்தில் மனுஷர் சிரித்தது அன்றுதான். பாய் ஒரு பக்கம், ஏழுமலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாலாவது பக்கம் காலி. நீ உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பாவு வந்தபோதுதான் அந்தச் சிரிப்புக்குத் தெரு பதில் சொன்னது. உனக்கு நான் விளக்க வேண்டாம், ஊர் தெரியாதவர்கள் படிப்பார்களே என்று சொல்கிறேன். தறியில் ஏற்றும் முன் பாவைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். ஒரு வீட்டு ஆளால் ஆகிற வேலை இல்லை. அதனால் யார் பாவு நீட்டினாலும் தெருவே வந்து பிடிக்கும். யாரையும் கூப்பிடுவதில்லை, கூலியும் கிடையாது. இன்று உனக்கு, நாளை எனக்கு. உன் அப்பா செத்த பதினாறாம் நாள் முடிந்ததும் நான் முதல் பாவு நீட்டியபோதுகூட நான் வெளியே வருவதற்குள் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று ஒருவரும் வரவில்லை. கதவுகள் சாத்தியிருந்தன. சித்தப்பா வீட்டுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் ஒரு கோடியில் பாவை முளையில் கட்டிவிட்டு மறு கோடிக்கு ஓடினேன், அங்கே இழுத்தால் இங்கே தொய்ந்தது. ரஷீத் பாய் கடை திறக்காமல் வந்து ஒரு பக்கம் பிடித்தார். அவருக்கு வேலை தெரியாது, பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. இழை அறுந்துகொண்டே இருந்தது. பட்டறைக்குப் போகிற வழியில் ஏழுமலை தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினான். அவன் பார்த்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் வரவில்லை.

"இன்னாப்பா வேடிக்கை பாக்கறே, வந்து பிடி" என்று கத்தினேன்.

"நான் புடிச்சா உனுக்கு இன்னும் கஷ்டம்மா."

"இந்த இழைக்குச் சாயம் போட்டது எவன் கையி?"

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பிடித்தான். அந்தச் சிவப்பு அவன் முக்கியெடுத்த சிவப்பு. அதைத்தான் நாம் நெய்கிறோம். அதைத்தான் மணவறையில் பெண்ணுக்குக் கட்டுகிறார்கள், கோயிலில் அம்மனுக்குச் சாத்துகிறார்கள். நூலில் ஒட்டினால் புண்ணியம், ஸ்டிரைக்கரில் ஒட்டினால் தீட்டு. இந்த ஊர் இதைக் கூச்சமில்லாமல் சொல்லும். நீயும் சொல்வாய் என்று நான் நினைக்கவில்லை.

அந்தச் சேலையை நெய்து கொடுத்தேன், முதலாளி வாங்கிக்கொண்டார். அடுத்த பாவு கேட்டபோது "இப்ப இல்லம்மா, பாப்போம்" என்றார். சித்தப்பாவுக்குக் கொடுக்க மட்டும் பாவு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. இப்போது என் தறியும் உன் அப்பா தறியைப் போலவே சும்மாதான் இருக்கிறது. நாள் முழுக்க வீட்டில் சத்தமே இல்லை. தறிச் சத்தம் இல்லாத வீட்டில் நான் அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம் எனக்கே திடுக்கென்கிறது.

இதையெல்லாம் உனக்கு எழுதினேன். நீ எழுதிய பதிலை வைத்திருக்கிறேன். "சித்தப்பா சொல்வதில் ஒன்றும் தப்பில்லை அம்மா. தொழில் என்றால் நாலு பேரை அனுசரித்துத்தான் போக வேண்டும். தனி ஸ்டிரைக்கர் ஒன்று வைத்துவிட்டால் எல்லாரும் வருவார்கள், ஏழுமலைக்கும் ஆட்டம் கிடைக்கும். அது இருக்கட்டும், நீ ஏன் அங்கே போய் உட்கார்ந்தாய்?"

உனக்கு ஆறு, ஏழு வயது இருக்கும்போது மாகறல் கோயிலுக்குப் போனோம். வெயிலில் நடந்து வந்து டீக்கடையில் நின்றோம். கடைக்கு வெளியே ஆணியில் தனியாகத் தொங்கிய ஒரு தம்ளரை நீ எடுத்து, பானையில் மொண்டு குடித்துவிட்டாய். கடைக்காரன் ஐயையோ என்று கத்தினான். நீ பயப்படவில்லை. மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டு, "இதுலயும் தண்ணிதானே இருந்துது" என்றாய். உன் அப்பாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் "இதுலயும் தண்ணிதானே" என்று உன்னைப்போலவே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பட்டணத்தில் உனக்கு என்ன கற்றுக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்டாய். இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன்.

நீ கேட்ட மற்ற கேள்விக்கு வருகிறேன். ஓடுமா, ஓடாதா? நம் தெருவை நம்பினால் ஓடாது. ஆனால் இந்த ஊரில் வாரக்கூலி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை கையில் காசு, ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அவர்களுக்குப் பாவுக்குக் காத்திருக்கிற பிழைப்பு இல்லை. சாயப்பட்டறைக்காரர்கள், அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமையில் போவதற்கு அவர்களுக்கு சினிமாக் கொட்டகையின் தரை டிக்கெட்டைத் தவிர வேறு இடம் கிடையாது. செவிலிமேட்டுப் பக்கம் ஒரு கொட்டகை பிடித்துப் போர்டு போட்டால் அவர்கள் வருவார்கள், வாரா வாரம் வருவார்கள். நான் போய்ப் பார்த்தேன், கேட்டேன். டவுன் பஸ்ஸில் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். உன் தொழிலுக்குக் காசு கொடுக்கக்கூடிய ஆட்கள் அவர்கள்தான். அவர்களுக்குத்தான் நீ தனி ஸ்டிரைக்கர் வைக்கிறாய். அமாவாசைக்கு அமாவாசை வந்து ஓசியில் ஆடிவிட்டுப் போகிற சித்தப்பாவுக்காக. மானம், நியாயம் எல்லாம் விடு, இதில் வியாபார புத்திகூட இல்லையே.

இல்லை, நம் கூடத்தில்தான் வைப்பேன் என்றாலும் வை. வீடு உன்னுடையது. குழியை மூடு, தறியைப் பிரித்து விறகாக்கு, பவுடர் பறக்கட்டும். நான் ஒரு ஓரமாகச் சமைத்துப் போட்டுவிட்டு இருந்துகொள்வேன். உன் தனி ஸ்டிரைக்கர் சட்டத்தையும் வை. ஒன்றே ஒன்று. அதை ஏழுமலையிடம் நான் சொல்ல மாட்டேன். ரஷீத் பாயை விட்டும் சொல்லச் சொல்லாதே. பட்டறைக்குப் போகும்போதெல்லாம் அவன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று, "அம்மா, பையன் எப்ப வர்றான்? கிளப்பு எப்ப தொறக்கறான்?" என்று கேட்கிறான். வருவான்பா என்கிறேன். உன் பதிலை அவனிடம் நான் காட்டவில்லை.

நீ வா. வந்து அவன் எதிரில் உட்கார். உன் வாயால், அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாலும் சரி, நான் தடுக்க மாட்டேன். அதைச் சொல்வதற்காகவாவது வா. ஒரு வேளை சோறாவது இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ. எந்தக் கிழமை வருகிறாய் என்று எழுது.